பட்டி பார்ப்பதற்கு முன்னால்: உள்சுவர் விரிசலுக்குக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டுக்குள் ஒரு சுவரில் விரிசல் கண்ணில் பட்டதும் முதலில் போன் போவது பெயின்டருக்குத்தான். அவரும் வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வெறும் ஏர் கிராக் சார், பட்டி பார்த்து ரெண்டு கோட்டிங் அடிச்சா தெரியாது" என்பார். தெரியாதுதான், அடுத்த சித்திரை வெயில் வரை. அதே இடத்தில் மறுபடி கோடு விழும்போது, முதலில் அது எவ்வளவு அகலமாக இருந்தது, எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, இப்போது வளர்ந்திருக்கிறதா என்று எதையுமே சொல்ல முடியாது. தடயத்தை நாமே காசு கொடுத்து அழித்திருப்போம்.

அதனால் அடைக்கும் வேலை இந்தக் கட்டுரையில் கடைசியில் கொஞ்சம்தான் வரும். மீதி முழுக்க, விரிசல் ஏன் வந்தது என்று கண்டுபிடிப்பதைப் பற்றியது. அதற்கு இன்ஜினியரிங் படித்திருக்கத் தேவையில்லை. டார்ச், டேப், பென்சில், சின்ன உளி, சுத்தியல், தூக்குக் குண்டு, காலாவதியான ஏடிஎம் கார்டு, நாலு ஏ4 தாள், செல்போன் கேமரா போதும். அப்புறம் கொஞ்சம் பொறுமை.

நான் மனதில் வைத்து எழுதுவது தமிழ்நாட்டில் வழக்கமாகக் கட்டும் இரண்டு வகை வீடுகளை. ஒன்று, கான்கிரீட் பில்லரும் பீமும் எழுப்பி நடுவில் செங்கல்லோ பிளாக்கோ வைத்து அடைத்த வீடு. இன்னொன்று, பில்லரே இல்லாமல் ஒன்பது இன்ச் சுவர்களின் மேல் நேரடியாகத் தளம் உட்கார்ந்திருக்கும் பழைய பாணி வீடு. உங்கள் வீடு எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பில்லர் வீட்டில் உள்ளறைச் சுவர் பெரும்பாலும் மறைப்புதான், மேலே இருக்கும் பாரத்தை அது சுமப்பதில்லை. பழைய வீட்டில் சுவர்தான் பில்லர். ஒரே அகல விரிசல் இரண்டிலும் இருந்தாலும் அர்த்தம் வேறு.

முதலில் ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள்

சில அறிகுறிகளுக்கு வீட்டில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யக் கூடாது. பில்லரிலோ பீமிலோ விரிசல், அதிலும் பீம் பில்லரைச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் சாய்வாக ஓடும் விரிசல். சுவர் வயிறு தள்ளி நிற்பது, அல்லது தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தால் சாய்ந்திருப்பது. இரண்டு மூன்று நாளில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அகலமாவது, அதோடு சேர்ந்து கதவு ஜன்னல் திடீரென்று இறுகிக்கொள்வது. தளத்திலிருந்து கான்கிரீட் துண்டு விழுந்து கம்பி தெரிவது. பக்கத்து மனையில் ஆழமாகப் பள்ளம் தோண்ட ஆரம்பித்த பிறகு புதிதாகக் கோடுகள் விழுவது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த அறையைக் காலி செய்துவிட்டு, அன்றைக்கே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிடுங்கள். வீட்டைக் கட்டிக்கொடுத்த கான்ட்ராக்டரைக் கேட்டால் "ஒன்றும் ஆகாது" என்றுதான் சொல்வார். வேறு என்ன சொல்ல முடியும் அவரால்?

அப்படி எதுவும் இல்லை என்றால், மேலே படியுங்கள். அவசரம் இல்லை.

பூச்சில் மட்டுமா, கல்லிலும் ஓடுகிறதா?

எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் வரும் கேள்வி இது. ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். பகலில் தெரியாத கோடுகள், பூச்சு மேலெழும்பிய இடம், விரிசலின் ஒரு கரை மறுகரையைவிட உயர்ந்து நிற்பது எல்லாம் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். அடுத்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் விரிசலின் இரு பக்கமும் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் மாறி டொப்பு டொப்பென்று கேட்டால், அங்கே பூச்சு செங்கல்லை விட்டு விலகியிருக்கிறது.

பிறகு சுவரின் மறுபக்கம் போய்ப் பாருங்கள். தரையிலிருந்து, மூலையிலிருந்து டேப் வைத்து அளந்து, அதே இடத்தில் அங்கேயும் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விரிசல் சுவரை ஊடுருவியிருக்க வாய்ப்பு அதிகம். மறுபக்கம் டைல்ஸ் ஒட்டிய பாத்ரூம் என்றால், டைல்ஸ் இடுக்குகளில் போட்ட கிரவுட் பிளந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

இன்னும் சந்தேகமா? உளியை எடுக்க வேண்டியதுதான். விரிசல் நடுவில் வருகிற மாதிரி உள்ளங்கை அகலச் சதுரம் ஒன்றைப் பென்சிலால் வரைந்து, அந்த இடத்துப் பூச்சை மட்டும் தட்டி எடுங்கள். உள்பூச்சு சாதாரணமாக 12 முதல் 15 மி.மீ. கனம்தான் இருக்கும், சீக்கிரம் செங்கல் தெரிந்துவிடும். தூசியை ஊதிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். செங்கல் முகம் சுத்தமாக இருந்தால் சிக்கல் பூச்சோடு முடிந்தது. கோடு செங்கல்லுக்கு இடையே உள்ள கலவை வழியாகப் போனால் சுவர் அசைந்திருக்கிறது. செங்கல்லையே பிளந்துகொண்டு போயிருந்தால், அசைத்த விசை பெரியது, அல்லது செங்கல்லைவிடக் கலவை கெட்டி. சுவிட்ச் போர்டுக்கு மேலேயும் கீழேயும் மட்டும் இந்த உளி வேலை வேண்டாம், உள்ளே ஒயர் பைப் போகும்.

பூச்சு மட்டும் வெடித்திருந்தால் அதன் முகமே வேறாக இருக்கும். வற்றிய ஏரியின் தரை போல, திசையே இல்லாமல் எல்லாப் பக்கமும் ஓடி ஒன்றோடொன்று கட்டம் கட்டியிருக்கும். கலவையில் சிமென்ட் கூடிப்போனது, மணலில் தூசி அதிகம் இருந்தது, மேலே சிமென்ட் பால் தேய்த்து ரொம்ப வழவழப்பாக்கியது, பூசிய பிறகு ஒரு வாரமாவது தண்ணீர் காட்டாமல் விட்டது ஆகியவையே வழக்கமான காரணங்கள். இதில் பயப்பட ஒன்றுமில்லை. பெயின்டர் சொன்னது இந்த வகைக்கு மட்டும் சரி.

ஒரு படம் வரையுங்கள்

கோடு போட்ட நோட்டில் வீட்டின் தரைப்படத்தைக் கையாலேயே வரையுங்கள். திசை குறியுங்கள். பில்லர்கள், பாத்ரூம், சம்ப், செப்டிக் டேங்க், போர்வெல், வெளியே நிற்கும் மரங்கள், மழைநீர் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் பைப், பிற்பாடு சேர்த்துக் கட்டிய அறை எல்லாவற்றையும் அதில் போடுங்கள். பிறகு விரிசல் உள்ள ஒவ்வொரு சுவரையும் தனித்தனியாக, நேரே நின்று பார்க்கிற மாதிரி வரைந்து, கோட்டின் பாதையைக் குறியுங்கள். விரிசல் விழுந்ததும் வாஸ்து பார்ப்பவரைக் கூப்பிடும் வீடுகள் உண்டு. அவரும் முதலில் கேட்பது இந்தப் படத்தைத்தான்.

படத்துக்குப் பக்கத்தில் தேதிகளையும் எழுதுங்கள். வீடு கட்டிய வருடம், மாடி எடுத்தது எப்போது, சம்ப் தோண்டியது எப்போது, வாசல் மரத்தை வெட்டியது எப்போது, கோடு முதலில் கண்ணில் பட்டது எந்த மாதம். பல வீடுகளில் இந்த ஒரு பக்கத்தை எழுதி முடிப்பதற்குள்ளேயே காரணம் பிடிபட்டுவிடும். கீழ்த்தளத்துக்கு மட்டும் போட்ட அஸ்திவாரத்தின் மேல் மாடி எடுத்து அடுத்த வருடம் கீழ் அறையில் விரிசல் என்றால், அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

இடமும் திசையும்

பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில், மேலிருந்து கீழாக நூல் பிடித்தாற்போல் நேர்க்கோடு. புது வீடுகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். செங்கல் கட்டும் கலவையும் காயும்போது சுருங்கும் அளவு வேறு, கான்கிரீட் சுருங்கும் அளவு வேறு. வெயிலுக்கு விரிவதும் அப்படியே. கான்கிரீட் விரிவதில் ஏறக்குறைய பாதிதான் செங்கல் சுவர் விரியும். இரண்டும் சேரும் இடம்தான் பிரியும். பூசுவதற்கு முன் அந்தச் சந்தில் இரு பக்கமும் அரை அடி படிகிற மாதிரி கோழிவலை அடித்திருந்தால் கோடு தெரியாமல் தப்பித்திருக்கும். ஒரு வீட்டுக்கு வலைச் செலவு பெரிதே இல்லை, ஆனாலும் நம் ஊரில் முதலில் விட்டுப்போவது அதுதான். அழகுக் குறைவு, அவ்வளவே.

பீமுக்கு அடியில் படுக்கைக்கோடு. சுவரைப் பீம் வரை ஒரே மூச்சில் எழுப்பி அன்றைக்கே இறுக்கி அடைத்துவிட்டால், ஈரக் கலவை காய்ந்து சுவர் கொஞ்சம் அமரும்போது மேலே இடைவெளி விடும். கடைசி வரியைச் சில நாள் விட்டு அடைக்க வேண்டும் என்று நல்ல கொத்தனாருக்குத் தெரியும். சென்ட்ரிங் ஆட்கள் அடுத்த தளத்துக்கு அவசரப்படுத்தும்போது தெரிந்தும் பயனில்லை.

சுவிட்ச் போர்டிலிருந்து தளத்துக்கோ தரைக்கோ நேராகப் போகும் கோடு, ஒயரிங் பைப்புக்காகச் சுவரை வெட்டிய இடம். ஆழமாக வெட்டி, தண்ணீர் நனைக்காமல் கலவையைத் திணித்திருப்பார்கள். இதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழ் உள்ள இலேசான கான்கிரீட் கல்), ஃப்ளை ஆஷ் எனும் சாம்பல் கல், ஹாலோ பிளாக் சுவர்களில், நீளச் சுவரின் நடுவில் தன்னந்தனியாக ஒரு நேர்க்கோடு விழலாம். இந்தக் கற்கள் சுட்ட செங்கல்லைவிடக் கூடுதலாகச் சுருங்கும். போதுமான நாள் காயாமலோ, மழையில் நனைந்தபடியோ கட்டிய சுவர் என்றால் இது கிட்டத்தட்ட நிச்சயம். பெரும்பகுதிச் சுருக்கம் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் முடிந்துவிடும், அதன் பிறகு கோடு வளராது.

ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும் கோட்டை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதற்குப் பல அப்பன்மார். சுவரில் ஓட்டை விட்ட இடத்தில் இழுவிசை மூலையில்தான் குவியும். அதனால் சாதாரணச் சுருக்கமும் அங்கேதான் கோடாக வெளிப்படும், அஸ்திவாரம் இறங்குவதும் அங்கேதான் முதலில் வெளிப்படும். ஜன்னல், கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் பட்டையான லிண்டல் இரு பக்கச் சுவரிலும் அரை அடியாவது உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று இன்ச்தான் உட்கார்ந்திருந்தால் அந்த முனைக்குக் கீழே சுவர் நசுங்கும். எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எல்லா ஜன்னல்களிலும், எல்லா அறைகளிலும் ஒரே மாதிரி சின்னக் கோடுகள் என்றால் சுருக்கம். ஒரு ஜன்னலில் மட்டும், லிண்டல் முனையிலிருந்து கீழ்நோக்கி என்றால் லிண்டல். வீட்டின் ஒரு மூலையை ஒட்டிய ஜன்னல்களில் மட்டும், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, மூலையை நெருங்க நெருங்க அகலமாகிப் போனால், கீழே மண்ணைப் பார்க்க வேண்டும்.

மாடி அறையில் மட்டும் வரும் கோடு

மேல்தளத்து அறைகளில், தளத்துக்குக் கீழே ஓரிரு அடிக்குள், சுவரின் முழு நீளத்துக்கும் படுக்கையாக ஓடும் விரிசல் வெயிலின் வேலை. நம் ஊர் மொட்டை மாடித் தளம் காலையில் ஒரு சூட்டில் இருக்கும், பிற்பகல் மூன்று மணிக்கு வேறு சூட்டில் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கான்கிரீட் ஒரு டிகிரி ஏறினால் மீட்டருக்கு சுமார் நூறில் ஒரு மில்லிமீட்டர் நீளும். 10 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி சூடேறினால் 3 மி.மீ. நீள வேண்டும். அடியில் இருக்கும் சுவருக்கு அந்தச் சூடு ஏறுவதில்லை, நிழலில் நிற்கிறது. தளம் இழுக்கிறது, சுவர் மறுக்கிறது, இரண்டும் சேரும் மட்டத்தில் பிளக்கிறது. அறையின் குறுக்குச் சுவர்களில், வெளிமூலையை ஒட்டி, சாய்ந்த கோடாகவும் இது வரும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. மழை இல்லாத நாளில், விடிகாலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் அதே இடத்தில் அகலத்தை அளந்து எழுதுங்கள். இரண்டு அளவும் திரும்பத் திரும்ப மாறி மாறி வந்தால் காரணம் சூடுதான். கீழ்த்தளத்தில் இதே சுவருக்கு நேர் கீழே ஒன்றுமே இல்லாதிருப்பதும் நல்ல சாட்சி. தட்டோடு பதிக்காமல் விட்ட தளம், கறுத்துப்போன தளம் இரண்டிலும் இது அதிகம். மேலே வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்தோ வெள்ளைப் பூச்சு அடித்தோ சூட்டைக் குறைத்தால் விரிசலின் ஆட்டமும் குறையும். அதைச் செய்யாமல் உள்ளே எத்தனை முறை பட்டி பார்த்தாலும் வீண்.

அஸ்திவாரம் இறங்கினால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பெரிய செலவும் பெரிய பயமும் இங்கேதான்.

செங்கல் வரிகளின் ஓரமாகப் படி ஏறுகிற மாதிரி சாய்வாகப் போகும் விரிசல், தரையிலிருந்தே அல்லது தரைக்குக் கீழே பேஸ்மென்ட்டிலிருந்தே (அஸ்திவாரத்துக்கும் வீட்டுத் தரைக்கும் நடுவே உள்ள பகுதி) தொடங்கினால், சுவரின் ஒரு பகுதி மற்றதைவிடக் கூடுதலாக இறங்கியிருக்கிறது. வீடு முழுவதும் ஒரே சீராக இறங்கினால் சுவர் வெடிக்காது. ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் நின்றால்தான் வெடிக்கும். எது இறங்கியது என்பதை விரிசலே காட்டிக்கொடுக்கும். மூலை இறங்கினால் கோடு பொதுவாக அந்த மூலைப் பக்கமாகச் சாய்ந்து மேலேறும். கோட்டுக்குக் கீழே, மூலையோடு சேர்ந்திருக்கும் துண்டுதான் இறங்கிய துண்டு. மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருந்தால் சுவரின் ஓரம் இறங்கியிருக்கலாம். கீழே அகலமாகவும் மேலே குறுகியும் இருந்தால் நடுப்பகுதி. ஆகவே அகலத்தை ஒரு இடத்தில் மட்டும் அளக்காதீர்கள். அடி, நடு, முடி மூன்றிலும் அளக்க வேண்டும்.

பழைய வீட்டோடு பின்னால் சேர்த்துக் கட்டிய அறை என்றால், இரண்டும் சேரும் இடத்தில் ஒரே நேர்க்கோடு, மேலே போகப்போக அகலமாக விழும். பழைய அஸ்திவாரம் இறங்கி முடித்த ஒன்று, புதியது இப்போதுதான் இறங்க ஆரம்பிக்கிறது. அவற்றைச் சுவரால் இணைத்தது தவறு. இடைவெளி விட்டிருக்க வேண்டும்.

தரை மட்டும் இறங்கிச் சுவர் நிற்பதும் உண்டு. ஸ்கர்ட்டிங்குக்கும் (சுவரின் அடியில் ஒட்டும் பட்டை) தரை டைல்ஸுக்கும் நடுவே இடைவெளி, சுவரில் கோடே இல்லை. பேஸ்மென்ட்டில் நிரப்பிய மண்ணைத் தண்ணீர் விட்டு இடிக்காமல் மேலே டைல்ஸ் போட்டதால் வந்தது அது. அஸ்திவாரத்தைக் குறை சொல்லாதீர்கள்.

இனி, ஏன் இறங்கியது? கோவில்பட்டி, அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் பக்கக் கரிசல் மண்ணில் வீடு இருந்தால் பதில் பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கோவை, சென்னை சுற்றுப்புறங்களில் களிமண் படிந்த பகுதிகளுக்கும் இது பொருந்தும். இந்த மண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். வீட்டுக்கு அடியில் நடுவே இருக்கும் மண் நிழலில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்க, வெளிச்சுவர் ஓரத்து மண் கோடையில் காய்ந்து இறங்கும். அதனால் பங்குனி, சித்திரையில் விரிசல் வாய் திறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து மூடும் விரிசல் என்றால் வேறு எங்கேயும் தேட வேண்டாம். தரைக்குக் கீழே சுமார் மூன்றரை மீட்டர் வரைகூட இந்த ஈரமும் காய்ச்சலும் எட்டும். அடிப்பக்கம் குமிழாக அகலப்படுத்திய 'அண்டர் ரீம்டு பைல்' அஸ்திவாரத்தை ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இப்படிப்பட்ட மண்ணுக்காகத்தான் வளர்த்தெடுத்தது. நாலடி ஆழத்துக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிக் கருங்கல் போட்ட ஒற்றை மாடி வீடு அங்கே ஆடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மண் உப்புகிறதா என்று பார்க்கும் ஆய்வு செலவில்லாதது, பார்க்கவும் சுவாரசியமானது. காய வைத்துச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து, ஒன்றைத் தண்ணீர் உள்ள அளவு ஜாடியிலும் இன்னொன்றை மண்ணெண்ணெய் உள்ள ஜாடியிலும் போட்டு ஒரு நாள் விடுவார்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. தண்ணீரில் மண் அதைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதே கணக்கு. 50 சதவீதத்துக்கு மேல் போனால் மிக அதிகமாக உப்பும் மண். சிவில் பிரிவு உள்ள இன்ஜினியரிங் கல்லூரி ஆய்வகங்களில் இதைச் செய்துகொடுப்பார்கள்.

தூர்த்த ஏரி, குளம், குப்பைமேடு மேல் போட்ட மனைகளில் கதை வேறு. அங்கே மண் வருடாவருடம் திறந்து மூடாது, ஒரே திசையில் இறங்கிக்கொண்டே போகும். பக்கத்து முதியவர்களைக் கேளுங்கள், பத்திரத்தில் இல்லாத விஷயம் அவர்களிடம் இருக்கும். ஒழுகும் சம்ப், உடைந்த டிரெய்னேஜ் பைப், சுவரோரமே கொட்டும் மொட்டை மாடி மழைநீர் ஆகியவையும் நிரப்பு மண்ணை அரித்துக்கொண்டு போகும். சந்தேகம் இருந்தால் சம்பை நிரப்பி, மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, மோட்டார், குழாய் எதையும் திறக்காமல் ஒரு இரவு விட்டுப் பாருங்கள்.

களிமண்ணில் நிற்கும் பெரிய மரமும் கோடையில் ஓரத்து ஈரத்தை உறிஞ்சிவிடும். மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே மரம் வளரக்கூடிய உயரத்துக்குச் சமமான இடைவெளி நல்லது என்பது பொது விதி. ஆனால் கோபத்தில் மரத்தை உடனே வெட்டிவிடாதீர்கள். உறிஞ்ச ஆளில்லாத மண் மறுபடி ஈரம் ஏறி உப்பி, இப்போது எதிர்ப்பக்கமாகச் சுவரைத் தள்ளும்.

துருவும் ஈரமும்

பில்லரின் மூலையை ஒட்டி, கம்பி போகும் பாதையிலேயே மேலும் கீழும் ஓடும் கோடு, அதன் ஓரத்தில் காவிக் கறை, தட்டினால் டொப்பு சத்தம் இருந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரைப் பகுதிகளிலும், உப்புத் தண்ணீர் போர்வெல்லை வைத்துக் கட்டிய வீடுகளிலும், கம்பிக்கு மேல் கான்கிரீட் போர்வை மெலிந்த இடங்களிலும் இது அதிகம். இதற்கு மேலே பூச்சு பூசி மூடுவது நோயை மறைப்பதுதான். இன்ஜினியரிடம் போக வேண்டிய வகை இது, அகலம் எவ்வளவாக இருந்தாலும்.

தரையிலிருந்து மூன்று நாலு அடிக்குள் பெயின்ட் குமிழ்விட்டு, வெள்ளை உப்பு பூத்து, பூச்சு பொரிந்து விழுந்தால் அது விரிசலே அல்ல, ஈரம் ஏறுவது. பாத்ரூம் சுவருக்குப் பின்பக்கம் என்றால் பைப் ஒழுகல். ஈரத்தின் வழியை அடைக்காமல் இதில் வேறு வேலை இல்லை.

அளப்பது, காத்திருப்பது

சாதாரண ஏ4 தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. கனம். நாலாக மடித்தால் 0.4. ஏடிஎம் கார்டு 0.76 மி.மீ. இவற்றை விரிசலில் நுழைத்துப் பார்த்தாலே வீட்டு வேலைக்குப் போதுமான அளவு கிடைத்துவிடும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 1984ஆம் ஆண்டுக் கையேடு 1 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மெல்லிய விரிசல், 1 முதல் 2 வரை நடுத்தரம், 2க்கு மேல் அகல விரிசல் என்று பிரிக்கிறது. கான்கிரீட் பீம், பில்லருக்கு இந்தத் தாராளம் கிடையாது, அங்கே 0.3 மி.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும். அதாவது கார்டு நுழையும் விரிசல் மறைப்புச் சுவரில் அழகுப் பிரச்சினை, பீமில் அவசரப் பிரச்சினை.

பிறகு, நகர்கிறதா என்று பார்ப்பது. விரிசலின் இரு நுனியிலும் குறுக்காகப் பென்சில் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். அகலத்துக்கு, கோட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு சின்ன ஸ்க்ரூ இறக்கி, இரண்டு தலைகளுக்கும் நடுவே டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் வைத்து அளவு எடுக்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலின் குறுக்கே எப்பாக்சி பசையால் ஒட்டும் பழைய முறையும் நல்லதுதான், சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஆனால் எவ்வளவு அசைந்தது, மூடியதா திறந்ததா என்பதை அது சொல்லாது. பூச்சின் மேல் ஒட்டினால் பூச்சு அசைவதைத்தான் காட்டும் என்பதையும் மறக்காதீர்கள், செங்கல்லில் ஒட்டுங்கள்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, எப்போதும் நாளின் ஒரே நேரத்தில் அளவு எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்கேல் பக்கத்தில் வைத்து, ஒரே இடத்தில் நின்று போட்டோ. அன்று மழையா வெயிலா என்று ஒரு சொல். களிமண் பகுதி என்றால் ஒரு கோடை, ஒரு மழைக்காலம் இரண்டையும் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். அளவு மாறவே இல்லை என்றால் செத்த விரிசல். ஏறி இறங்கினால் வெயில் அல்லது ஈரம். ஏறிக்கொண்டே போனால் இறக்கம்.

அடைப்பது, ஆளைக் கூப்பிடுவது

செத்த விரிசலை ஆங்கில 'வி' வடிவில் சற்று அகலப்படுத்தி, தூசி ஊதி, நனைத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைத்து, மேலே ஃபைபர் வலை டேப் ஒட்டிப் பூசலாம். பட்டி என்பது மேற்பரப்பை வழவழப்பாக்கும் பொருள், பள்ளம் நிரப்பும் பொருள் அல்ல. வருடா வருடம் ஆடும் விரிசலில் கெட்டியான எதை வைத்தாலும் ஓரத்தில் பிரியும். அங்கே இழுபடும் அக்ரிலிக் அல்லது பாலியூரிதேன் சீலன்ட் மட்டும்தான் நிற்கும். தளத்துக்கு அடியில் என்றால் நேராகக் காடி வெட்டி, அதை டிசைன் மாதிரியே விட்டுவிடுவது இன்னும் நல்லது. இறங்கிக்கொண்டிருக்கும் சுவரை இப்போதைக்கு அடைக்கவே வேண்டாம். முதலில் ஒழுகலை நிறுத்துங்கள், மழைநீரை வீட்டை விட்டுத் தள்ளி விடுங்கள், சுவரைச் சுற்றி நாலடிக்குச் சாய்வாகக் கான்கிரீட் தரை போடுங்கள்.

இன்ஜினியரைக் கூப்பிடும்போது நோட்டு, தரைப்படம், தேதிவாரிப் போட்டோக்கள் மூன்றையும் கையில் கொடுங்கள். ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்து யூகிப்பதைவிட ஆறு மாத அளவுகள் அவருக்குப் பெரிது. காரணம் என்ன, எந்த ஆதாரத்தால் அப்படிச் சொல்கிறார், வேறு எந்தக் காரணங்களை ஏன் விலக்கினார் என்பதை எழுத்தில் கேளுங்கள். சரிசெய்யும் வேலையை எடுத்துச் செய்யாதவராக இருந்தால் உத்தமம். அஸ்திவாரத்தைப் பலப்படுத்த வேண்டும் என்று சொல்பவர், சுவரோரம் குழி தோண்டி அஸ்திவாரத்தின் அடியைப் பார்க்காமலும் மண் ஆய்வு கேட்காமலும் எஸ்டிமேட்டை நீட்டினால், மரியாதையாக நன்றி சொல்லி அனுப்பிவிட்டு இன்னொருவரைப் பாருங்கள்.